நைட்டிங்கேல், பூஜ்யம்

எங்கள் தெஸிங்டன் கிராமத்தில் சனிக்கிழமை காலை நடைக்கு ஒன்பது பேர் வருவோம். எட்டுப் பேர் பறவை பார்க்க வருகிறவர்கள். ஒன்பதாவது ஆளான ரேமண்ட் பிளாஸ்க் தூக்க வருகிறவர். மனைவி பெரிலின் பின்னால் தேநீர் பிளாஸ்க்கையும் மடக்கு நாற்காலியையும் சுமந்துகொண்டு நாற்பது வருடம் நடந்த மனுஷனுக்கு ஒரு பறவையின் பெயர்கூட மண்டையில் ஏறவில்லை.

"இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சது ரெண்டே பறவைதான், நோரீன். வறுத்தது ஒண்ணு, வறுக்காதது ஒண்ணு," என்பாள் பெரில் என்னிடம்.

"வறுத்ததைப் பத்திக் கேளு, விவரமாச் சொல்றேன்," என்பார் ரேமண்ட்.

நான் இந்த ஊரில் இருபத்தெட்டு வருடம் தபால் கொடுத்தவள். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனாலோ என்னவோ பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எந்தப் பறவை, எத்தனை, எங்கே, எத்தனை மணிக்கு. அதோடு மில் ஓடையில் நீர்நாய் தலை நீட்டினால் அது, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் மான் வந்தால் அது. பொய்யாக ஒரு சிட்டுக்குருவியைக்கூட அதில் நான் ஏற்றியதில்லை. அந்த மே மாதம் வரைக்கும் இல்லை.

ஜனவரி முதல் சனிக்கிழமை மதியம் ஊர்க்கூடத்தில் கூடுவோம். தேநீர், பழக்கேக். போன வருடத்துப் பட்டியலை நான் உரக்கப் படிப்பேன். ஒரு பறவையில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் கை தூக்கலாம். ஒரு கை போதும். எழுதியவர் சொல்லும் பதில் சரியாக இல்லையென்றால் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவேன். அதன்பிறகு பேச்சுக்கு இடமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஒன்பது பேரில் ஒருவனான கிளைவ் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, எங்கள் பக்கம் எப்போதாவது வழிதவறி வரும் கொண்டலாத்தியைப் பார்த்ததாக எழுதினான். பாதிரியார் வீட்டுப் புல்வெளியில், மூன்று நிமிடம். நான் படித்ததும் பெரிலின் கை எழுந்தது.

"அன்னிக்கு மூக்குக் கண்ணாடி எங்க இருந்துச்சு, கிளைவ்?"

கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. அடித்துவிட்டேன். இரண்டு வருடம் அவன் பெரிலோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் கவலைப்படவில்லை. பட்டியல் விஷயத்தில் அவள் அப்பனென்றும் பார்க்கமாட்டாள்.

இன்னொரு பழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். ஒரு பறவையைத் தேடிப் போய், காத்திருந்து, அது இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். "போனோம், நின்னோம், இல்ல. அதுவும் சேதிதான். பூஜ்யம்னு எழுது," என்பாள். முதலில் எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது. பிறகு பழகிவிட்டது.

மாதா கோயிலுக்குப் பின்னால் முள்மரங்கள் அடர்ந்த புதர்க்காடு ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து நைட்டிங்கேல் ஏப்ரல் கடைசியில் வந்து இறங்கும் இடம். பகலிலும் பாடும். பெரில் முப்பத்துநான்கு வசந்தம் அதை அங்கே கேட்டிருக்கிறாள். பிறகு ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. இரண்டு வருடமும் அவளே சொல்லச் சொல்ல, பூஜ்யம் என்று நான் எழுதினேன்.

மூன்றாவது வருடம் மார்ச்சில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜூன் பார்ப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ரேமண்ட் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பயமெல்லாம் இல்ல, நோரீன். இன்னும் ஒரே ஒரு தடவை அது பாடிக் கேட்டுட்டாப் போதும்."

"வரும். இந்தத் தடவை வரும்," என்றேன். தபால்காரிக்கு வாயில் வந்துவிடும் ஆறுதல்.

"வரலைன்னா வரலைன்னு எழுது. சும்மா பூசி மெழுகாதே."

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. ரேமண்ட் குழாயை மூடவில்லை. அந்த மனுஷன் மனதில் என்ன ஓடியது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மே நான்காம் தேதி, சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம். பெரிலைச் சக்கர நாற்காலியில் வைத்து, ரேமண்டும் கிளைவும் மாறிமாறித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏப்ரல் முழுவதும் ஒருவர் காதிலும் நைட்டிங்கேல் விழவில்லை. புல்லெல்லாம் பனி. வளைக்கரடி இரவு தோண்டிய குழியில் சக்கரம் மாட்டிக்கொண்டது. "சாகப் போறவளைக் கவுத்துடாதீங்கடா," என்றாள். ஒருவருக்கும் சிரிக்க வரவில்லை, அவளைத் தவிர.

புதர்க்காட்டு ஓரத்தில் நாற்காலியை நிறுத்தினோம். ராபின் பாடியது. காட்டுப்புறா கூவியது. தூரத்தில் ஒரு குயில். கால் மணி நேரம் நின்றிருப்போம்.

"பிளாஸ்க்கைக் கார்லயே விட்டுட்டேன்," என்றார் ரேமண்ட். "எடுத்துட்டு வந்துடறேன்."

போனார். பிளாஸ்க் சக்கர நாற்காலிக்குக் கீழே வலைப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். கிளைவும் பார்த்தான்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். இடதுபக்கம், பெரிய முள்மரத்துக்குப் பின்னாலிருந்து அது பாடத் தொடங்கியது. முதலில் நீளமாக மூன்று நான்கு சீழ்க்கை, ஒன்றைவிட ஒன்று ஏறிக்கொண்டே. பிறகு தொண்டையிலிருந்து படபடவென்று கொட்டுமே, அது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அரை நிமிடம் நான் நம்பினேன்.

அதற்குள் அந்தப் பாட்டுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. புல்லாங்குழலில் ஊதுகிற மாதிரி மூன்று சுரம். மாங்குயில். பிரான்ஸிலோ போலந்திலோ ஆற்றங்கரையில் உயரமான மரத்தில் கூப்பிடுகிற பறவை. தெஸிங்டனில் என் ஆயுசில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அது போய் இடுப்புயரப் புதரில் நைட்டிங்கேலோடு தோள்மேல் கைபோட்டுப் பாடாது. நாற்பது நொடி கழித்து அதே சீழ்க்கை, அதே படபடப்பு, அதே இடத்தில் அதே மாங்குயில்.

எங்கோ ஒரு வெளிதேசத்துத் தோப்பில் யாரோ பதிவு செய்ததை ரேமண்ட் தேடி எடுத்திருக்கிறார். நல்ல பதிவாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார். பின்னால் கூப்பிடுவது என்ன பறவை என்று அவருக்கு எங்கே தெரியும். எங்களில் யாராக இருந்தாலும் முதல் காரியமாக அந்தப் பதிவைத் தள்ளியிருப்போம்.

நான் கிளைவைப் பார்த்தேன். அவன் காதுக்குத் தப்பியிருக்காது. கொண்டலாத்திக்குப் பழி வாங்க அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை.

பெரில் கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கவில்லை. பாட்டு மூன்று சுற்று ஓடி, பாதிச் சீழ்க்கையில் நின்றது.

ரேமண்ட் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முழங்கால் வரை ஈரம். கோட்டில் முள் கிழித்திருந்தது.

"பிளாஸ்க் எங்க?" என்றாள் பெரில்.

"வீட்டுலயே வெச்சுட்டேன் போல." பிறகு தாங்கமாட்டாமல், "ஏதோ பாடுச்சே, கேட்டியா?" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நோரீன், எழுது. நைட்டிங்கேல், ஒண்ணு. மணி ஆறு இருபது."

எழுதினேன்.

இருபத்தைந்து நாள் கழித்து அவள் போய்விட்டாள். அடக்கத்தன்று ரேமண்ட் எல்லோரிடமும் அதையே சொன்னார். "கேட்டுட்டுத்தான் போனா. அந்த மட்டும் நிம்மதி." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

டிசம்பர் கடைசியில் எல்லோருடைய குறிப்பேடுகளையும் நான் வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பேன். ரேமண்ட் பெரிலின் குறிப்பேட்டைப் பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலை, நோரீன். எல்லாம் ரெண்டு ரெண்டு எழுத்தா இருக்கு. கையெழுத்தை மட்டும் பார்த்துட்டு இருந்தேன்."

ஒவ்வொரு பறவைக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். அவர் போனதும் மே நான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். படித்தேன். அன்றைக்கு அடுப்பில் வைத்த சூப் தீய்ந்துபோனது. ஒரு முடிவுக்கு வந்தேன். பட்டியலில் இருப்பதையே படிப்பது. குறிப்பேட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஜனவரி முதல் சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் எட்டுப் பேர். வாத்துகள், பருந்துகள், புறாக்கள் எல்லாம் தடையில்லாமல் ஓடின. நைட்டிங்கேல் வந்ததும் தலை நிமிராமல் வேகமாகப் படித்தேன். "நைட்டிங்கேல், ஒண்ணு, மே நாலு, புதர்க்காடு, கேட்டது பெரில்."

அடுத்த வரிக்குப் போகலாம் என்று பார்த்தேன். ரேமண்டின் கை எழுந்திருந்தது.

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை.

"அதை அடிச்சிடு, நோரீன்."

"ரே, விடு," என்றான் கிளைவ்.

"விட முடியாது. அது பறவை இல்ல. என் கோட்டுப் பையில இருந்த ஃபோன். அவ கேட்டா, சந்தோஷமாப் போனா, அது எனக்குப் போதும். ஆனா அவ பேர் போட்ட பட்டியல்ல பொய் இருக்கக் கூடாது. தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"பின்னாடி மாங்குயில் கூப்பிட்டுது, ரே," என்றான் கிளைவ் மெதுவாக. "அது இந்த ஊருக்கு வராது."

ரேமண்ட் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப அவளுக்கும்..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நல்ல பொய்க்காரி இல்லை. குறிப்பேட்டை எடுத்துத் திறந்து படித்தேன்.

"மே நாலு. ராபின் மூணு. காட்டுப்புறா பதினொண்ணு. குயில் ஒண்ணு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன். "மாங்குயில் ஒண்ணு, ரேயோட கோட்டுப் பையில. நைட்டிங்கேல், பூஜ்யம்."

அவர் உதடு அசைந்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. பிறகு முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப அவ கேக்காமலே போயிட்டா."

"ஆமா, ரே."

"எதுக்கு அழுதா அப்ப?"

உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. கிளைவ் எழுந்துபோய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தேன். பட்டியலில் இன்னும் இருபத்திரண்டு பறவைகள் இருந்தன. அவற்றையும் படித்து முடித்தேன்.

அடுத்த ஏப்ரல் கடைசியில் ரேமண்ட் தனியாகப் புதர்க்காட்டுக்குப் போக ஆரம்பித்தார். தினமும் விடிகாலை மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக. கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்றார். உலகத்திலேயே அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே பாட்டு அதுதான். எந்த நாள் கேட்டாலும் பிசகாமல் சொல்லிவிடுவார். அந்த ஒரு மாதம் மழை விடாமல் அடித்தது. அவரும் விடவில்லை.

ஜூன் முதல் தேதி என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் புதுக் குறிப்பேடு. தபால் அலுவலகத்தில் கிடைக்குமே, நீல அட்டை போட்டது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று நீட்டினார். பறவைப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாததால் ராபின் இல்லை, காட்டுப்புறா இல்லை. முப்பத்துநான்கு நாளும் ஒரே வரிதான், தேதியும் நேரமும் மட்டும் மாறியிருந்தது.

"சரியா எழுதியிருக்கேனான்னு பாரு," என்றார்.

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நைட்டிங்கேல், பூஜ்யம். நைட்டிங்கேல், பூஜ்யம். கடைசி வரி வரைக்கும்.

"சரியா இருக்கு, ரே."

"பெரிலுக்குப் பிடிக்குமா?"

"ஒரு கைகூடத் தூக்கமாட்டா," என்றேன்.