இடது பக்க இருக்கை

சேவுகப்பெருமாள் தன்னுடைய பழைய மாருதி காருக்கு ஆர்.பி.எம். மீட்டர் வைக்கப் போகிறார் என்ற செய்தியைக் காரைக்குடியில் அவரை அறிந்தவர்கள் யாரும் நம்பவில்லை. காரில் ரேடியோ செத்துப் பல வருடம் ஆகியும் மாற்றாத மனுஷர் அவர். கண்ணாடி துடைக்கும் பிளேடு தேய்ந்து போனபோது, இங்கே என்ன மழையா கொட்டுகிறது என்று விட்டுவிட்டவர். அப்படிப்பட்டவர் அறுபத்தைந்து வயதில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரை ஆன்லைனில் வரவழைத்திருக்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? காரணம் கேட்டவர்களிடம், இன்ஜினுக்கு நல்லது என்று மட்டும் சொல்லிவைத்தார்.

காரணம் இன்ஜின் இல்லை, காது. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காது பாதிக்குப் பாதி. மனைவி ஈஸ்வரிக்குத் தெரியாமல் மதுரைக்குத் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இடது பக்கம் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவர் மெஷின் பக்கமே போகவில்லை. மாட்டினால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தாலும் தொலையட்டும், ஈஸ்வரிக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். வலது காது அவள் பக்கம் இருக்கும்படி உட்காருவார். முகத்தைப் பார்த்துப் பாதியை ஊகித்துக்கொள்வார். மீதியை "என்னது?" என்று கேட்டுக்கொள்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவர் எதையும் ஒரே தடவையில் காதில் வாங்கியவர் இல்லை என்பதால் ஈஸ்வரி அதைப் புதிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன்மார் பலருக்கு இந்த ஒரு வசதி உண்டு. காது போனாலும் வீட்டில் வித்தியாசம் தெரியாது.

கார்தான் வம்பு. வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் ஒக்கூருக்குப் போவார்கள். அங்கே ஈஸ்வரிக்குப் பிறந்த வீட்டு வழியில் கொஞ்சம் வயலும் ஒரு குலசாமி கோயிலும் உண்டு. காரில் அவள் உட்காருவது இடது பக்கம், அதாவது செத்த காதுப் பக்கம். போதாததற்கு இன்ஜின் இரைச்சல் வேறு. இந்த லட்சணத்தில், இரண்டு வருடமாக ஈஸ்வரி காரில் ஏறினால் ஒக்கூர் வரும்வரை பேசிக்கொண்டே வருகிறாள். அவருக்கு ஒரு சொல்லும் விழாது. அவள் உதடு அசைவதும் கை எழும்பித் தாழ்வதும் கடைக்கண்ணில் தெரியும். அவ்வப்போது தலையை ஆட்டுவார். வயலைப் பற்றிப் பேசுகிறாள், அண்ணன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுகிறாள், உளுந்து விலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவராகவே வைத்துக்கொண்டார்.

அவளுக்கு விஷயம் தெரிந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அந்த வீட்டில் பேச்சு அற்றுப்போய் வெகு காலம் ஆகியிருந்தது. மூத்த மகள் ரோகிணி ஐந்து வயதில் மூளைக் காய்ச்சலில் போனாள். இளையவன் முகேஷ் அப்போது தொட்டிலில் கிடந்தான். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். மகள் போன பிறகு ஈஸ்வரி அவளைப் பற்றி வாயெடுத்தாலே சேவுகப்பெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். திட்டமாட்டார், சண்டை போடமாட்டார், எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். நாலைந்து தடவை அப்படி நடந்ததும் ஈஸ்வரி அந்தப் பேச்சை விட்டாள். அதோடு மற்ற பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்து, சாப்பாடு, கரண்ட் பில், மாத்திரை என்ற அளவில் நின்றுபோனது. அப்படிப்பட்டவள் வயதான காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முகம் மலரப் பேசிக்கொண்டு வருகிறாள். காது கேட்காவிட்டால் என்ன, அதைப் பார்த்துக்கொண்டு வருவதே அவருக்குப் போதுமாக இருந்தது.

அவருக்குப் பயம் தட்டியது புதுவயலில். அவர் முன்பு சூப்பர்வைசராக இருந்த அரிசி மில்லுக்குச் சும்மா பார்த்துவரப் போயிருந்தார். திரும்பும்போது, வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நிற்பது தெரியாமல் இரண்டாம் தடவை சாவியைத் திருகிவிட்டார். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு கோரமாகச் சத்தம் வந்திருக்கும் என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கியர் கதையும் அப்படித்தான். காலமெல்லாம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றிப் பழகியவருக்கு, இப்போது எப்போது மாற்றுவது என்பதே குருட்டுக் கணக்காக இருந்தது. ஈஸ்வரி பக்கத்தில் இருக்கும்போது இப்படி ஒன்று நடந்தால் குட்டு உடைந்துவிடும். காதுக்குப் பதில் கண்ணை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. முள் எழுந்து நின்றால் இன்ஜின் ஓடுகிறது. முள் மூவாயிரத்தைத் தொட்டால் கியரை மாற்ற வேண்டும். போனில் பார்த்த வீடியோவில் ஒருத்தன் அப்படித்தான் சொன்னான்.

கழனிவாசலில் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் விஷ்வா மீட்டரைப் பொருத்தினான். சிவப்பு ஒயர் சாவிக்கு, கறுப்பு ஒயர் பாடிக்கு, பச்சை ஒயர் இக்னிஷன் காயிலுக்கு. டாஷ்போர்டில் அவன் துளை போட்டபோது சேவுகப்பெருமாளுக்குத் தன் உடம்பிலேயே போட்டது மாதிரி இருந்தது. மீட்டரின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் என்று மூன்று இடம். மாருதி எண்ணூறுக்கோ மூன்றே சிலிண்டர். விஷ்வா தலையைச் சொறிந்துவிட்டு நாலில் வைத்தான். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டே பேசினான்.

"ஐயா, நம்ம வண்டிக்கு இது கொறச்சுத்தான் காட்டும். முள்ளு மூவாயிரம்னா நெசத்துல நாலாயிரம். நீங்க ரெண்டாயிரத்துலயே கியர மாத்திருங்க."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த சேவுகப்பெருமாள் பலமாகத் தலையாட்டினார். விஷ்வா சொன்னதில் ஓர் எழுத்துகூட அவருக்கு விழவில்லை.

அடுத்து வந்த நாட்களில் காரைக்குடித் தெருக்களில் அந்தக் கார் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. முள் மூவாயிரத்தைத் தொடும்வரை அவர் கியரை மாற்றவில்லை. வண்டி கதறிக்கொண்டு போனது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பினார்கள். ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நீல வெளிச்சம் போட்ட மீட்டரைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட சேவுகப்பெருமாள் பதிலுக்குக் கையசைத்தார். அத்தனை சந்தோஷமாக அவர் கார் ஓட்டி வெகு நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஈஸ்வரி மீட்டரைப் பார்த்து, இது என்னத்துக்கு என்பதுபோல் ஏதோ கேட்டாள். தலையாட்டினார். அவள் சிரித்தாள், பொருத்தமான இடத்தில்தான் ஆட்டியிருக்கிறோம் என்று இவரும் சிரித்தார். குன்றக்குடி தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே அறுபதில் போய்க்கொண்டிருந்தது. முள் இன்னும் மூவாயிரத்துக்கு வரவில்லை, அதனால் அவரும் மாற்றவில்லை. வழக்கம்போல் பேசிக்கொண்டு வந்த ஈஸ்வரி நிறுத்திவிட்டு, கியரைப் பார்த்து என்னமோ சொன்னாள். தலையாட்டினார். மறுபடி சொன்னாள். புன்னகையோடு தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்றாவதாகச் சின்னதாக ஏதோ சொன்னாள். அதற்குக் கூடுதலாகவே ஆட்டிவைத்தார்.

அதன் பிறகு அவள் உதடு அசையவில்லை. கடைக்கண்ணில் வெகுநேரம் அசைவே இல்லாமல் இருக்கவும் திரும்பிப் பார்த்தார். ஈஸ்வரி நேரே சாலையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி இன்ஜினை அணைத்தார்.

அவள் இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவருடைய ஜன்னலில் குனிந்தாள். வலது காதுப் பக்கம்.

"கடைசியா என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

அவர் ஸ்டியரிங்கைக் கையால் துடைத்தார்.

"செத்துப்போன உங்க ஆத்தா பின்சீட்டுல உக்காந்திருக்காகன்னு சொன்னேன். அதுக்கும் தலையாட்டுறீக."

எவ்வளவு நாளாக என்று கேட்டாள். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார். ஈஸ்வரி ஜன்னல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ரோகிணியப் பத்தி நான் சொன்னதெல்லாம்?"

அந்தப் பெயர் அவர் காதில் விழுந்து முப்பது வருடம் இருக்கும். வேறு எதைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடவில்லை அந்தப் பாதிக் காது.

"ரோகிணியப் பத்தியா பேசிக்கிட்டு வந்த?"

"வேற எதப் பத்திப் பேசுவேன்?"

பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சாலையில் யூனிபார்ம் போட்ட ஒரு குழந்தையைப் பார்த்து வாய் தவறி ஆரம்பித்துவிட்டாளாம். வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்விடுவார் என்று பயந்துகொண்டு பார்த்தாளாம். அவர் தலையாட்டினாராம். மனுஷருக்கு மனசு ஆறிவிட்டது, இனி அவரோடு பேசலாம் என்று அன்றைக்குக் கோயிலில் விழுந்து கும்பிட்டாளாம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையைப் பற்றி ஏதாவது ஒன்று. அடுத்த வாரம் எதைச் சொல்லலாம் என்று வாரம் முழுக்க யோசித்து வைத்துக்கொள்வாளாம்.

சேவுகப்பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக இந்தக் காரில் ரோகிணியும் வந்துகொண்டிருந்திருக்கிறாள். உளுந்து விலை என்று நினைத்துக்கொண்டு அவர் வண்டி ஓட்டியிருக்கிறார்.

அவர் கை கதவுக்குப் போனது. அதைக் கண்ட ஈஸ்வரி ஜன்னலை விட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"போறதுன்னா போங்க," என்றாள். "எனக்குப் பழக்கந்தான்."

அவர் இறங்கினார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து, அவளுடைய இடத்தில் உட்கார்ந்தார்.

"இங்குட்டு வா," என்றார், காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைத் தட்டி. "அங்க உக்காந்தா இந்தக் காதுக்குக் கொஞ்சம் விழும்."

ஈஸ்வரி அந்த சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுலேருந்து சொல்ல?"

"மொதல்லேருந்து."

"கத்தில்ல சொல்லணும். ரோட்டுல போறவுக என்ன நெனப்பாக?"

"கத்து."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். வீட்டின் மூலையில் முந்தானையை வாயில் வைத்து அழுது முடித்த கதையைச் சாலையோரத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாக்கியத்துக்கே அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது, சிவப்புக் கவுன், அதன் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு...

"செவப்பு இல்ல," என்றார் சேவுகப்பெருமாள்.

ஈஸ்வரி நிறுத்தினாள்.

"ஊதா. வெள்ள லேஸு வச்சது. நாந்தான் தேவகோட்டையில எடுத்தாந்தேன்." அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஈஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா," என்றாள். "ஊதாதான்." அது அவருக்குக் கேட்டிருக்காது என்று தோன்றவே, அருகில் நகர்ந்து இன்னும் சத்தமாக ஒரு தடவை சொன்னாள்.