எட்டு நாற்பத்தொன்றுக்கு வந்த சிரிப்பு

எல்கானா ஹைமோவிச்சியின் நாடகங்களைப் பார்த்தவர்கள் மூன்று நாள் கழித்துத்தான் சிரித்தார்கள். ஹைஃபா நகரத்தில் இது தெரியவந்தது 1968இல், மழைக்காலம் முடிந்த கையோடு. அவனுடைய முதல் நாடகம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எட்டரை மணிக்கு அரங்கேறியது. உலகத்தைப் படைத்தபோது மூன்றாம் நாளான செவ்வாயில் கடவுள் இரண்டு தடவை ‘நன்று’ என்று சொன்னாராம். அதனால் கல்யாணம், குடிபோவது, கடை திறப்பது எல்லாவற்றையும் ஊரில் செவ்வாயில்தான் வைப்பார்கள். எல்கானாவின் அம்மா ஸிடோனியாவும் வேறு நாளுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அரங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எட்டு நாற்பத்தொன்றுக்கு முதல் நகைச்சுவை வந்தது. யாரும் அசையவில்லை. பத்தரை மணிவரை ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கோடையிலும் டை கட்டுகிற அரங்க மேலாளர் கூர்ட் லேவன்ஹைம் மறுநாள் காலை எல்கானாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “தம்பி, நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். சாவு வீட்டுலகூட யாராவது ஒருத்தர் சிரிச்சிடுவாங்க” என்றார். நாடகம் நிறுத்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை மாலை, ஊர் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றிக் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், சரியாக எட்டு நாற்பத்தொன்றுக்கு அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மணி நேர நாடகத்தின் சிரிப்பு முழுவதும் காட்சி வரிசை மாறாமல், பதினோரு நிமிடத்தில் அடுக்கடுக்காக வந்து தீர்ந்தது. பல வீடுகளில் கோழி சூப் மூக்கு வழியாக வெளியேறியது. ஒரு பல் மருத்துவர் மீன் முள்ளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒன்பது வருடமாகப் பேசாமல் தனித்தனி அறையில் சாப்பிட்ட ஒரு தம்பதி, சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சிரித்ததைக் கேட்டு, கதவைத் திறந்து உப்பு கேட்டுக்கொண்டார்கள். காலையில்தான் நாடகத்தைக் கிழித்து எழுதியிருந்த பத்திரிகை விமர்சகர் மாலையில் மேசைக்கடியில் கிடந்து சிரித்தார். அடுத்த வாரம் பொடி எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட்டார். சனிக்கிழமை இருட்டியதும் டிக்கெட் ஜன்னலில் தெருமுனைவரை கூட்டம் நின்றது.

நாடகம் மறுபடி தொடங்கியதும் புதன்கிழமையும் ஒரு காட்சி போட்டுப் பார்த்தார்கள். அதைப் பார்த்தவர்களில் பலர் சனிக்கிழமை மாலை வேறொரு அரங்கத்தில் சோக நாடகம் பார்க்கப் போனார்கள். அங்கே ராஜா விஷம் குடித்துச் சாகிற நேரம் எட்டு நாற்பத்தொன்று. அந்த அரங்கத்திலிருந்து புகார்க் கடிதம் வந்த பிறகு கூர்ட் செவ்வாயோடு நிறுத்திக்கொண்டார். “வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. சேதாரம் கம்மி” என்றார்.

இப்படி ஊரே சிரித்தாலும் எல்கானாவுக்கு ஒரே ஒரு ஆள் சிரித்தால் போதும் என்றிருந்தது. அது அவனுடைய அப்பா ஸெய்லிக். ருமேனியாவிலிருந்து கப்பலில் வந்து, வந்த வாரமே பஸ் ஓட்டத் தொடங்கியவர். ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் சீருடைச் சட்டையிலேயே வந்து ஏழாவது வரிசையின் ஓர இருக்கையில் உட்காருவார். முடிந்ததும் வாசலில் மகன் காத்து நிற்பான்.

“எப்படிப்பா இருந்துச்சு?”

“நாற்காலி பரவாயில்ல. நகராட்சித் தண்ணி இலாகாவுல ஆள் எடுக்கறாங்களாம்டா. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்.”

மற்ற ஊர்களில் வெள்ளி பொழுது சாய்ந்து சபாத் என்கிற ஓய்வு நாள் தொடங்கினால் பஸ் நின்றுவிடும். ஹைஃபாவில் மட்டும் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கீழ் நகரத்திலிருந்து கார்மெல் மலைக்கு ஏறும் வண்டி ஸெய்லிக்குடையது. அதனால் சிரிப்பு வருகிற நேரத்தில் அவர் சாப்பாட்டு மேசையில் இருந்ததே இல்லை. “அப்பா சிரிச்சாராம்மா?” என்று எல்கானா கேட்பான். “அவருக்குத்தான் டூட்டியாச்சேடா. நீ ஆறறதுக்குள்ள சாப்பிடு” என்பாள் ஸிடோனியா. ஒரு தடவை, மூன்றாவது நாடகம் வந்தபோது, அந்த ஒரு வெள்ளி மட்டும் வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். “நான் போகலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க எப்படிடா மலை ஏறுவாங்க? உன் நாடகத்துல ஏறியா?” என்று கேட்டுவிட்டு அவர் ஷூ கயிற்றைக் கட்டினார். மறுநாள் காலை வண்டி எப்படிப் போனது என்று விசாரித்தால், “ரோட்டுல குழி” என்பார்.

ஆண்டுகள் போயின. எல்கானா சினிமாவுக்கும் எழுதினான். அவன் எழுதிய ஒரே சோகப் படத்துக்கு அழுகை மூன்று நாள் முன்னதாக வந்தது. காய்கறிக் கடையில் வெள்ளரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் காரணமில்லாமல் கண்ணீர் விட்டு, ஓ, வியாழக்கிழமை படத்துக்குப் போகப்போகிறோம் போல என்று புரிந்துகொண்டு டிக்கெட் எடுத்தார்கள். தொலைக்காட்சிக்குத் தொடர் எழுதியபோது நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து நாள் கணக்குப் பார்த்தான்; ஊர் மௌனமாக நிற்கிற நினைவு நாட்களில் ஒரு சிரிப்பும் போய் விழுந்துவிடக் கூடாது என்று அந்த வாரங்களில் சமையல் குறிப்பு எழுதிக் கொடுத்தான். ஒன்பது நாடகம், நான்கு படம், ஒரு பரிசு. ஸெய்லிக் ஒன்பதையும் பார்த்தார். ஒன்பது தடவையும் தண்ணீர் இலாகாவில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது நாடகத்தில் எல்கானா வேறு வழி தெரியாமல் தண்ணீர் இலாகா எழுத்தர் ஒருவனையே கதாநாயகனாக்கினான். 1983 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அரங்கேறியது. ஸெய்லிக் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார், இந்தத் தடவை தண்ணீர் இலாகா பேச்சை எடுக்காமல் வீட்டுக்குப் போனார். புதன்கிழமை விடியற்காலை தூக்கத்திலேயே இறந்துபோனார். ஓய்வு பெற நான்கு மாதம் பாக்கி இருந்தது. அன்று மதியமே அடக்கம் செய்தார்கள்.

ஏழு நாள் துக்கத்தில் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து, போனவரைப் பற்றி ஏதாவது சொல்லலாம். எல்கானா துக்க வழக்கப்படி தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, இனி அந்தச் சிரிப்பு கிடைக்காது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஸெய்லிக்கின் வெள்ளிக்கிழமைப் பயணிகள் எட்டுப் பேர் மொத்தமாக வந்து, பஸ்ஸில் உட்காருகிற வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். அவர்களில் வாதி நிஸ்னாஸ் என்கிற பேட்டையைச் சேர்ந்த நுஹா என்கிற நர்ஸ் கடலைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, “உங்கப்பா மாதிரி சிரிக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை தம்பி” என்றாள்.

“எங்கப்பாவா?”

“ரெண்டாவது வளைவுல வண்டியை ஓரங்கட்டிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சிட்டுச் சிரிப்பாரு. பதினோரு நிமிஷம். உன் புது நாடகம் வந்துச்சுன்னா அந்த வாரம் நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு லேட்டு.”

“கொம்பு ஊதற மாதிரி ஹாரனையும் அடிப்பாரு” என்றார் பின்வரிசையில் உட்காரும் ஆஸ்பத்திரிச் சமையல்காரர்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

நுஹா கடலையின் தோலை ஊதினாள். “நாங்களும் கேட்டோம். ‘நான் சிரிச்சேன்னு தெரிஞ்சா அடுத்ததை நல்லா எழுத மாட்டான்மா, சும்மா இரு’ன்னுட்டாரு.”

எல்கானா விரலை மடக்கி எண்ணினான். செவ்வாய் பார்த்திருக்கிறார். வெள்ளி இன்னும் வரவில்லை. சபாத்தில் துக்கத்தை வெளியே காட்டக் கூடாது என்பது முறை, ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் முக்காலியை விட்டு எழுந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கீழ் நகரத்துக்குப் போய் அப்பாவின் வண்டியில் ஏறினான். ஷிம்ஷோன் என்ற புது ஓட்டுநர் ஓட்டினார். இரண்டாவது வளைவில் வண்டி தானாக ஓரம் கட்டியது. எட்டு நாற்பத்தொன்று. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து, குளிரில் கிளம்ப மறுக்கிற இன்ஜின் மாதிரி முதலில் இரண்டு இருமலும், பிறகு ஒரு முதியவரின் சிரிப்பும் வந்தது. ஹாரன் தானாக அடித்தது. ஷிம்ஷோன் கையைத் தூக்கிக்கொண்டு, “நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்றார்.

“உன்னால இல்ல, விடுப்பா” என்றாள் நுஹா, பின்னல் ஊசியை வெளியே எடுத்துக்கொண்டே. “பதினோரு நிமிஷம்.”

எல்கானா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். ஒவ்வொரு சிரிப்பும் எந்த வசனத்துக்கு என்று அவனுக்குத் தெரிந்தது. எழுத்தர் தன் வீட்டுக் குழாயையே மூடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகிற இடத்தில் வண்டி அச்சாணிவரை குலுங்கியது. இரண்டாம் அங்கத்தில் மாமியார் பற்றிய ஒரு நகைச்சுவை வரவேண்டிய இடத்தில் மட்டும் பஸ் சத்தமில்லாமல் இருந்தது. அதை அவன் எழுதும்போதே சந்தேகப்பட்டிருந்தான். துக்கம் முடிந்த மறுநாளே அதை வெட்டினான்.

அடுத்த வெள்ளியும் வண்டி நின்றது, அதற்கடுத்த வெள்ளியும். அப்படியென்றால் ஸெய்லிக் செவ்வாய்தோறும் வருகிறார் என்று கூர்ட் முடிவு கட்டி, ஏழாவது வரிசை ஓர இருக்கையை அந்த நாளில் விற்பதை நிறுத்தினார். எல்கானா அதன் பிறகு பதினான்கு நாடகங்கள் எழுதினான். எது தேறும், எது தேறாது என்று அந்த வளைவில் நின்றுதான் தெரிந்துகொண்டான். பஸ் நிர்வாகத்திலிருந்து மெக்கானிக்குகள் மூன்று முறை வந்து இருக்கையைக் கழற்றிப் பார்த்தார்கள், மூன்றாம் முறை சிரித்துவிட்டுப் போனார்கள். மறுவருட அட்டவணையில் வெள்ளிக்கிழமை மாலை வண்டி ஆஸ்பத்திரி நிறுத்தத்தை அடையும் நேரம் பதினோரு நிமிடம் தள்ளி அச்சிடப்பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.