நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம். சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியின் புள்ளியியல் ஆசிரியை எப்சிபா, கல்லூரி அறிக்கை ஒன்றுக்காக எத்தனை பேர் மாஸ்க் போடுகிறார்கள் என்று எண்ணினாள். பேருந்து நிலையத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர். கல்லூரி வாசலில் தொண்ணூற்றேழு.

சந்தேகம் வந்து மறுநாள் நின்று கவனித்தாள். காவலாளி அறை ஆணியில் ஒரு மாஸ்க் தொங்கியது. மாஸ்க் இல்லாதவன் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். போனதும் கழற்றி அடுத்தவனிடம் நீட்டுவான். எச்சில் காய்ந்து அது மஞ்சளாகியிருந்தது.

"ஒரே மாஸ்க்க எல்லாரும் மாட்டுதாங்க சார்," என்றாள் துறைத்தலைவரிடம்.

"போட்டுக்கிட்டுதான உள்ள வாரான்? தொண்ணூற்றேழுன்னே அறிக்கையில கையெழுத்துப் போடும்மா."

தாடையில் கிடந்த தன் மாஸ்க்கால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் பேனாவை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தாள்.