தவிப்பு நேரம்

அந்த நிறுவனத்தில் அவளுக்கு ‘பிரேக்’ என்று பட்டப்பெயர். விற்பனைக்காரர்கள் தலைதெறிக்க ஓட்டிக்கொண்டு வரும் எந்தத் திட்டத்தையும் ஒரே வரியில் நிறுத்திவிடுவாள் என்பதால் வந்த பெயர். சட்டப் பிரிவு என்றால் ஒன்பது வருடமாக அவள் ஒருத்திதான். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நிறுவனம் நடத்திய செயலி, குடியை விட நினைப்பவர்களுக்கானது. குடிக்கத் தோன்றும்போது அதில் ‘தவிப்பு’ என்ற பட்டனை அழுத்த வேண்டும். உடனே ஒரு மென்மையான குரல் வந்து பத்து நிமிடம் பேசிப் பிடித்துவைக்கும். எங்கே நிற்கிறீர்கள், வீட்டில் சண்டையா, எப்போதும் இந்த நேரத்தில்தான் தோன்றுமா என்று கேட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும்.

அக்கா புருஷனின் போனில் அதை ஏற்றிக் கொடுத்ததே அவள்தான். “எங்க கம்பெனிதுதான் மாமா. நம்பிச் சொல்லுங்க” என்றிருந்தாள். மனிதர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பதினோரு மாதமாகக் குடியைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கூப்பிட்டாள்.

“உன் மாமா நேத்து குடிச்சிட்டு வந்துட்டாருடி.”

“பதினோரு மாசமாத் தொடாம இருந்தாரேக்கா?”

“அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா அவர் போன்ல மதுக்கடை விளம்பரமா வந்து கொட்டுது. சும்மா வந்தாக்கூட பரவாயில்ல. வேலை முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல நிக்கிற நேரம் பார்த்து வருது. ‘களைப்பா இருக்கா? நாலு அடி தள்ளித்தான் இருக்கோம்’னு. அவனுங்களுக்கு எப்படிடி தெரியும்?”

எப்படித் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது. மறுநாள் அலுவலகம் போனதும் நேரே தகவல் பிரிவில் போய் நின்றாள். அங்கே இருந்த என்ஜினியர் மறைக்கவெல்லாம் இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். நீளமான அட்டவணை. பெயர்கள் இல்லை. ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண், இருக்கும் இடம், நேரம். கடைசிப் பத்தியின் தலைப்பு: ‘பலவீன நேரம்’.

“இது யாருக்குப் போகுது?”

“ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மேடம். அவங்க யார் யாருக்குக் கொடுக்கிறாங்கன்னு நாம கேக்கிறதில்ல.”

“யார் அனுமதி கொடுத்தது?”

என்ஜினியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “நீங்கதான் மேடம்.”

பயன்பாட்டு விதிகளின் பதினான்காவது பத்தி. ‘சேவையை மேம்படுத்தும் பொருட்டு, நம்பிக்கைக்குரிய கூட்டாளிகளுடன் சில விவரங்கள் பகிரப்படலாம்.’ அவள் எழுதியதுதான். ‘சில விவரங்கள்’ என்ற சொல் கச்சிதமாக அமைந்ததென்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டது கூட ஞாபகம் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினாள். வெளியே வந்தவள் மறுபடி உள்ளே போய்க் கழுவினாள்.

எம்.டி.யின் அறையில் ஏதோ வாசனைத் திரவியம் மூக்கை அடைத்தது. அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பேரே இல்லையேம்மா. வெறும் நம்பர்தானே?”

“ஒரு நம்பர் ராத்திரி ஒரு வீட்ல தூங்குது சார். பகல்ல அச்சகத்துல நிக்குது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல தவிக்குது. அதுக்குப் பேர் நான் சொல்றேன். அது என் அக்கா புருஷன்.”

எம்.டி. உச்சுக்கொட்டினார். “அடப்பாவமே. அவருக்கு ஒரு வருஷம் இலவசமா கொடுத்துடலாம்மா.”

அவள் அதைக் காதில் வாங்காமல் தன் வேலையைச் செய்தாள். “இது உடம்பு சம்பந்தப்பட்ட விவரம் சார். தனியா, தெளிவா சம்மதம் வாங்கியிருக்கணும். நாம வாங்கல. நான் எழுதின பத்தி கோர்ட்ல ஒரு நிமிஷம் நிக்காது. வாங்கினவன் என்ன செஞ்சாலும் கொடுத்த நாமதான் கூண்டுல நிப்போம். இன்னிக்கே நிறுத்தணும். தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கும் சொல்லணும், ஜனங்களுக்கும் சொல்லணும்.”

“சொன்னாத்தானே தெரியும்?” என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணு பண்ணு. போன வருஷமே இதை ஆராய்ஞ்சோம், ஆபத்து கம்மின்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைல்ல வச்சிடு. தேதியை மட்டும் கொஞ்சம் முன்னாடி போட்டுக்கோ.”

“கை கூசுது சார்” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை அக்கா வீட்டில் மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய விவரங்கள் எங்கே போயின, அந்தப் பத்தியை எழுதியது யார் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

“பையன் முன்னாடி நான் வாந்தி எடுத்து விழுந்ததைச் சொல்லியிருக்கேன் அந்தக் குரல்கிட்ட” என்றார் அவர். “உன் அக்காவுக்கே தெரியாது அது. அதையும் வித்துட்டீங்களா?”

“தெரியல மாமா. ஆனா நீங்க கேக்கலாம். உங்களைப் பத்தி என்னென்ன வச்சிருக்காங்க, யாருக்குக் கொடுத்தாங்கன்னு ஒரு கடுதாசி போடுங்க. முப்பது நாளுக்குள்ள பதில் கொடுத்தே ஆகணும். சட்டம் அது.”

கடிதம் பதிவுத் தபாலில் வந்து அவள் மேஜையிலேயே விழுந்தது. இந்த யோசனையைச் சொன்னது தான்தான் என்று அவளே எம்.டி.யிடம் சொன்னாள். “ரெண்டு பக்கத்தோட முடிச்சு அனுப்பு” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அறுபத்தொரு பக்கம் அச்சிட்டாள். மாமா பட்டனை அழுத்திய ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது, வாந்தியும் இருந்தது. விளம்பரக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கிய பட்டியலில் பத்தொன்பது பெயர்கள். மதுக்கடைகள் மட்டுமல்ல, ஒரு காப்பீட்டு நிறுவனமும், வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனமும் கூட. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, இது சட்டவிரோதம் என்று அன்றைய தேதியிட்டு எழுதிய தன் சட்டக் குறிப்பை எம்.டி. முன்னால் வைத்தாள்.

“வேலியே பயிரை மேயுதே!” என்று அவர் கத்தினார்.

“இத்தனை நாளும் மேய்ஞ்சேன் சார். இன்னிக்குத்தான் நிறுத்தினேன்.”

மதியத்துக்குள் வேலை போயிற்று. மாமா அந்த அறுபத்தொரு பக்கத்தையும் ஆணையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரிகள் வந்து கணினிகளை எடுத்துப் போனார்கள். செய்தி வெளியானதும் நானூறு பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். விசாரணையில் அவளும் சாட்சி சொன்னாள். தன் பங்கு என்ன என்பதையும் சேர்த்தே சொன்னாள். செயலியை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது, பெரிய அபராதத்தோடு. எம்.டி. ஆறு மாதத்தில் வேறு பெயரில் கடை விரித்துவிட்டார். இப்போது தூக்கம் வராதவர்களுக்கு உதவுகிறாராம். வெளியே போன விவரங்களைத் திரும்பப் பெற யாராலும் முடியவில்லை. கறந்த பால் மடி புகுமா?

மாமா போனை மாற்றினார், வேறு பஸ்ஸில் போகிறார், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார். இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அக்கா சொன்னாள். மச்சினியைக் கண்டால் மட்டும் ‘வாம்மா’ என்று ஒரு சொல்லோடு எழுந்து உள்ளே போய்விடுகிறார். எதுவுமே நடக்காததுபோல் அவர் உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அவளுக்குத் தாங்கியிருக்காது.