பூவாத்தாள் குரல் வழக்கு

என் மனைவி பூவாத்தாளின் குரல் மில்லிலேயே தங்கிவிட்டது. அதைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனோம்.

எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. நூல் மில்லின் இரைச்சலில் யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை. உதட்டசைவிலேயே சிரிப்பும் நடக்கும், சண்டையும் நடக்கும். அதனால் அவளுக்கே அது உறைக்கவில்லை. நானோ லாரி ஓட்டுபவன். வீடு தங்குவதே அபூர்வம். பொங்கல் விடுமுறையில் இருவரும் வீட்டில் இருந்தோம். அவள் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் திரும்பக் கிடைத்தால் எனக்குப் போதும்.

தொழிலாளர் குறைகளை வேகமாகவும் மலிவாகவும் தீர்க்கப் புதிதாகத் தொடங்கிய தீர்ப்பாயம் அது. மில்லின் சைக்கிள் ஸ்டாண்டில் ஓர் அறை போட்டிருந்தார்கள். வழக்கு நீண்டால் அறை சுருங்கும். இது வேகத்துக்கு. நாற்காலி ஒன்றுதான், பேசுகிறவர் உட்காரலாம். இது சிக்கனத்துக்கு. பூவாத்தாள் முதலிலிருந்தே நின்றாள்.

நீதிபதி நவநீதம் அம்மாள் நாற்காலியில் இருந்தார்.

"தீர்ப்பு உங்களுக்குச் சாதகம். இப்ப வழக்கைச் சொல்லுங்க," என்று எழுந்து இடம் கொடுத்தார்.

உட்கார்ந்து சொன்னேன். சுவர் என் முழங்கையைத் தொட்டது.

மில் சார்பில் மேஸ்திரி குருநாதன் வந்திருந்தார். நல்ல மனிதர். பூவாத்தாள் காய்ச்சலில் மயங்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

"குரல் இருந்துச்சுங்க அம்மா," என்றார் குருநாதன். "பஞ்சோட கலந்து நூலாயிடுச்சு. நூல் துணியாகிக் கப்பலேறிடுச்சு."

"திரும்ப வாங்க முடியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"இந்நேரம் யாராவது தைச்சுப் போட்டிருப்பாங்க."

அதற்குள் நால்வரும் டவுன் பஸ்ஸில் நிற்பதுபோல் நெருக்கியடித்து நின்றோம். நீதிபதிக்கு மூச்சு முட்டியது.

"தீர்ப்பை மாத்த வழியில்ல. இந்த அறையில இருக்கற குரல்ல ஒண்ணு கொடுத்திடலாம். இங்க யாரு மில்லு?"

"நான் மில்லு இல்லீங்க. மேஸ்திரி."

"மில் சார்பாத்தான வந்தீங்க?"

"அனுப்புனாங்க."

"அப்ப சரி."

குருநாதன் ஏதோ சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. பூவாத்தாளுக்கு மட்டும் அது புரிந்தது.

"ஐயோ, வேண்டாமுங்க!" என்று கத்தினாள். குருநாதனின் கட்டைக் குரல். அறை உடனே பழைய அளவுக்கு விரிந்தது. நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். நாங்கள் ஜெயித்திருந்தோம்.

பஸ் நிறுத்தத்தில் குருநாதனின் மனைவி நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குருநாதன் தள்ளிப் போய்த் தனியாக நின்றார்.

"அப்பீல் உண்டுங்களாண்ணா?" என்று என்னைக் கேட்டாள்.

"கிடையாதும்மா. அதுக்குச் செலவாகுமாம்."

பூவாத்தாள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க," என்றாள்.

எனக்கு உடம்பு கூசியது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி ஒருநாளும் அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது.

ஆனால் அந்தக் குரலைக் கேட்ட குருநாதனின் மனைவி ஓடிவந்து பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லுங்க. மரகதம்னு. வேலை விட்டு வந்தா வாசல்லயே நின்னு கூப்பிடுவாருங்க."

பூவாத்தாள் குருநாதனைப் பார்த்தாள். பிறகு, "மரகதம்," என்றாள்.

"இதோ வந்துட்டேனுங்க," என்றாள் அவள்.

பஸ் வந்து நின்றது. சீக்கிரம் ஏறச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டார். பூவாத்தாள் மரகதத்தை இன்னொரு தடவை கூப்பிட்டாள்.