தோழர் கதிருக்கு ஒரு நிமிட மௌனம்

கட்சியைக் கலைக்கும் கூட்டத்துக்கு இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. அதற்குள் கட்சியின் வரலாற்றை நான் ஜெர்மனில் எழுதி முடிக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் அந்த வேலை என்னிடம் வந்திருந்தது.

உழைப்போர் சனநாயகக் கட்சி 1988இல் வின்டர்தூர் நகரில், அகதிகள் விடுதி ஒன்றின் உடுப்புத் தோய்க்கும் அறையில் தொடங்கப்பட்டது. ஊரில் துப்பாக்கி வைத்திருந்த எல்லாரையும் கேள்வி கேட்டவர்கள் தொடங்கிய கட்சி. நிறுவியவர்கள் மூவர்: தோழர் சிவலிங்கம், தோழர் இராஜேந்திரன், தோழர் கதிர். கதிர் என்பது புனைபெயர். முதல் அறிக்கையை எழுதியவர் அவர். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுகிறவர் கட்சியில் இருக்க முடியாது என்பது அதன் முதல் வரி. 1991இல் அவர் இறந்துவிட்டார். ஆண்டுக் கூட்டம் எப்போதும் அவருக்கான மௌனத்தோடுதான் தொடங்கும்.

அந்த இடத்தில் எனக்குத் தடக்கியது. தமிழில் அவர் எழுதினார், அவர் இறந்தார் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஜெர்மனில் அவன் அல்லது அவள்தான். நடுவில் ஓர் ‘அவர்’ இல்லை.

கட்சித் தலைவர் சிவலிங்கம் மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“மாமா, தோழர் கதிர் ஆணோ, பெண்ணோ?”

பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

“என்ன பிள்ளை கேள்வி இது. ஆம்பிளைதான்.”

“படம் ஒண்டும் இல்லையோ?”

“அந்தக் காலத்தில ஆர் படம் எடுத்தது? ஆம்பிளையெண்டு போட்டு முடி. நாளைக்கு எல்லாம் முடியுது.”

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தார். அவரும் அந்த விடுதியில் இருந்தவர். அவரிடமும் கேட்டேன்.

“சிவலிங்கண்ணை என்ன சொன்னவர்?”

“ஆம்பிளையாம்.”

அம்மா சத்தமில்லாமல் சிரித்தார். “அவரே சொன்னாப்பிறகு என்னட்ட ஏன் கேக்கிறாய்?”

“உங்களுக்குக் கதிரைத் தெரியும்தானே?”

“தெரியும். நல்ல வாய்.”

“எப்பிடிச் செத்தது?”

“துண்டுப்பிரசுரத்தில.”

விளங்காமல் பார்த்தேன். அம்மா சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்.

“இஞ்ச கதிர் எழுத எழுத, ஊரில கதிரின்ர சகோதரங்களைத் தேடி ஆக்கள் போச்சினம். கதிர் செத்துப்போச்செண்டு கட்சி பிரசுரம் அடிச்சு விட்டுது. அதோட தேடுறது நிண்டுது.”

“அப்ப உயிரோட இருக்கோ? சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“கேட்டது. கட்சி பொய் சொன்னதெண்டு வருமாம், பொறு எண்டிச்சினம். பொறுத்தது.”

யார் கேட்டது, யார் பொறுத்தது என்று அம்மா சொல்லவில்லை. கட்சி யாப்பை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். நிறுவியவர்களில் ஒருவர் மறுத்தாலும் கட்சியைக் கலைக்க முடியாது.

“கதிர் நாளைக்கு வந்து மாட்டன் எண்டு சொன்னாக் காணுமே, அம்மா.”

“அந்த விதி எனக்குத் தெரியும்,” என்றார் அம்மா. “சோறு இருக்கோ?”

மறுநாள் இரண்டு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் இருபது பேரளவில் வந்திருந்தோம். சிவலிங்கம் மாமா எல்லாரையும் தோழர் என்றுதான் கூப்பிடுவார். அம்மாவை மட்டும் தங்கச்சி என்பார்.

“தங்கச்சி, தேத்தண்ணியைக் கூட்டம் முடிய வைச்சுக்கொள்ளுவம்,” என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார். “கட்சி எண்டாப் பிள்ளையள் வாறேல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறதுகள் பயப்பிடுதுகள். பண்பாட்டு மன்றமா மாத்துவம். பாட்டு, நடனம். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.”

சோலோதுர்னிலிருந்து வந்திருந்த இரத்தினம்மா அன்ரி கை உயர்த்தாமலே கேட்டார். “உங்கட மோனுக்குச் சாதி விசாரிச்செல்லோ பொம்பிளை எடுத்தனீங்கள். கட்சி இல்லாட்டி உங்களுக்குத்தான் கரைச்சல் இல்லை.”

பின்வரிசை சிரித்தது.

“தோழர், அது குடும்ப விசயம்.”

“கட்சியும் குடும்பம் எண்டுதானே இவ்வளவு நாளும் சொன்னனீங்கள்?”

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளைப் பார்த்து வாசித்தார். “இராஜேந்திரன் லோசானில இருந்து சம்மதம் சொல்லிட்டார். எனக்கும் சம்மதம். கதிர் இப்ப இல்லை. நிறுவின ஆக்களில மறுப்பு ஒண்டும் இல்லை. கடைசியா ஒருக்கா, தோழர் கதிருக்கு எழும்பி நிப்பம்.”

கதிரைகளின் கால்கள் தரையில் அரைபட்டன. எல்லாரும் எழும்பினார்கள். நானும் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை. நான் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் என் பக்கத்தில் நின்றவர், மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தேன்.

“தங்கச்சி,” என்றார் மாமா. “கால் நோகுதோ?”

“கால் நல்லாயிருக்கு.”

“அப்ப எழும்புங்கோ. செத்த ஆளுக்கு ஒரு மரியாதை.”

“செத்த ஆளுக்கெண்டா எழும்புவன்.”

மாமா அம்மாவுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். “வேண்டாம். இத்தனை வருசம் நிண்டனீங்கள். இன்னும் ஒரு நிமிசம்தானே.”

“இத்தனை வருசம் நிண்டது காணும். நீங்கள் கலைக்கேலாது, அண்ணை. நிறுவின ஆள் ஒராள் மறுக்குது.”

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “ஆர் மறுக்கிறது?” என்று இரத்தினம்மா அன்ரி கேட்டார்.

“ராஜேஸ்வரி, பொறுங்கோ, வெளியில போய்க் கதைப்பம்,” என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் மாமா.

அம்மா இருந்த இடத்திலிருந்தே, அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நான்தான் கதிர்.”