கோல் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டவன்

ஜப்பானில் மூன்றாம் பிரிவுக் கால்பந்தில் பதினோரு வருடமாக ஃபார்வர்டாக ஓடுகிறேன். குவபாரா என்ற என் பெயர் பக்கத்து ஊரில்கூட யாருக்கும் தெரியாது. மே மாதம் ஆளில்லாத கோலுக்கு நேரே நின்றுகொண்டு பந்தைக் கம்பத்தில் அடித்தேன். வெட்கம் தாங்காமல் இடுப்பு வரை குனிந்து அந்தக் கம்பத்திடமே மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தேன். எவனோ அதை இணையத்தில் போட, மூன்று கோடிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

அன்றோடு நிம்மதி போயிற்று. பயிற்சி முடிந்து மதியத்தில் நான் மீன் பொதி கட்டும் சூப்பர் மார்க்கெட்டில், கானாங்கெளுத்தி வாங்க வருகிறவர்கள் எனக்குக் குனிந்து காட்டிச் சிரிக்கிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து ஒருவன், அடுத்து எப்போது தவறவிடுவீர்கள் என்று எழுதுகிறான். எரிச்சலாக வரும். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை போனைத் தேடும். இந்த சீசனில் நான் போட்ட கோல் பூஜ்யம். அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

நவம்பரில் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள், கிளப்பின் விளம்பர வேலையைப் பார்க்கும் நெமோதோ வீட்டுக்கு வந்தான். என் மனைவி கயோ டீ ஊற்றினாள்.

"அடுத்த வருஷ ஒப்பந்தம் இழுபறியாத்தான் இருக்கு அண்ணே. நாளைக்கு அதே மாதிரி இன்னொரு வீடியோ வந்துச்சுன்னா, தலைவர் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு."

"கோல் போட்டா?"

"அதுக்குத்தான் வேற ஆளுங்க இருக்காங்களே."

"நான் என்ன கோமாளியாடா?"

அவன் டீயை உறிஞ்சினான். அவன் போன பிறகு கயோ, "அவன் கெடக்கான், விடுங்க. கோல் போட்டுக் காட்டுங்க," என்றாள். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் எண்பதாவது நிமிடத்தில்தான் என்னை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரணி கோல்கீப்பர் முன்னால் ஓடி வந்து பந்தைக் கோட்டைவிட்டான். பந்து என் காலடியில். எதிரே காலியான கோல். ரசிகர்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்த முரசு நின்றுவிட்டது. எங்கள் ரசிகர்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அடித்தேன்.

வலைக்குள் போயிற்று. கூட்டத்தில் முதலில் "அடடா" என்று ஒரு பெருமூச்சு, பிறகுதான் கைதட்டல். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

மைதானத்துக்கு வெளியே காரில் ஏறியதும் கயோவிடம் கேட்டேன்.

"வீடியோ எடுத்தியா?"

"எடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பாக்கலாமே."

"இப்பவே குடு."

அவள் தரத் தயங்கினாள். பிடுங்கிக்கொண்டேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் ஓடுகிறேன், பந்து வருகிறது. போனுக்கு வெகு அருகில், மூச்சுவிடாமல் அவள் குரல்: "வெளிய போகட்டும், வெளிய போகட்டும், வெளிய போகட்டும்."

பந்து வலைக்குள் போனதும் படம் சிமெண்டுத் தரையைக் காட்டியது.

"அடுத்த வருஷமும் நீங்க ஆடணும்னுதான்," என்றாள் கயோ, என்னைப் பார்க்காமல்.

எட்டு வருடமாக எனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள். போனை அவள் மடியில் வைத்தேன்.

"வண்டிய எடு," என்றேன்.

அவள் சாவியைத் திருப்பவில்லை.